முறிந்த ஆணைக்குப் பின்



சில ஆண்டுகளுக்கு முன், ஒரு ஜும்ஆத் தொழுகை முடிந்து மக்கள் கலைந்து சென்ற பின்னர், தந்தை ஒருவர் தம் மகனை என்னிடம் அழைத்து வந்தார். மகனுக்கு இருபத்து நான்கு வயது. மோட்டார் சைக்கிள் விபத்தில் தொடை எலும்பு முறிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவன். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வலி தணிய மருத்துவர் எழுதித் தந்த மாத்திரை அவனை விடவில்லை. இரண்டு வாரத்திற்கென எழுதிய சீட்டு இரண்டு ஆண்டுகளாக நீண்டுவிட்டது. உம்மாவின் வளையல்கள் அடகுக் கடைக்குப் போயின. கடையில் கல்லாப் பெட்டியின் கணக்கு உதைத்தது. தந்தை வாய்விட்டு அழுதார்.

நான் அன்று செய்த காரியத்தை இன்று எண்ணினாலும் நெஞ்சு கூசுகிறது. அந்த இளைஞனை உளூச் செய்து வரச் சொல்லி, திருக்குர்ஆனை அவன் கையில் கொடுத்து, இனி அந்த மாத்திரையைத் தொடுவதில்லை என்று அல்லாஹ்வின் மீது ஆணையிடச் செய்தேன். ஒரு வீட்டைக் காப்பாற்றிவிட்டோம் என்ற நிறைவோடு வீடு திரும்பினேன். மூன்றாம் நாள் இரவு அந்த ஆணை முறிந்தது. அதன்பின் பத்து மாதங்கள் அவன் பள்ளிவாசல் பக்கமே வரவில்லை. பெருநாள் தொழுகைக்கும் வரவில்லை. பின்னர் ஒரு நாள் கடைத்தெருவில் கண்டு காரணம் கேட்டபோது, "குர்ஆனைத் தொட்டுச் சத்தியம் செய்து முறித்தவன் எந்த முகத்தோடு வந்து ஸஃப்பில் நிற்பது, ஹஜ்ரத்?" என்றான்.

மாத்திரை அவன் உடலைப் பிடித்திருந்தது. நான் வாங்கிய ஆணையோ அவனைப் பள்ளியிலிருந்தும் துரத்தியிருந்தது.

அபினியும் அதன் இனத்தைச் சேர்ந்த மருந்துகளும் மனித உடலில் என்ன செய்கின்றன என்பதை அதன் பிறகுதான் நான் மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்க வேண்டிய காலத்தில் கேட்கவில்லை. டிரமடால், டேபென்டடால் முதலிய வலி நிவாரணிகள் மூளையில் வலியை உணரும் இடங்களைச் சென்று பற்றுகின்றன. நாளடைவில் உடல் அதற்குப் பழகி, முன்பு ஒன்று போதுமாயிருந்த இடத்தில் மூன்று கேட்கிறது. திடீரென்று நிறுத்தினால் ஓயாத கொட்டாவி, மூக்கிலும் கண்ணிலும் நீர், மயிர்க்கூச்சு, வயிற்றுப் போக்கு, எலும்புக்குள் குடைவது போன்ற வலி, உறக்கமற்ற இரவுகள் எனப் பல துன்பங்கள் ஒன்றுசேர்ந்து வருகின்றன. இரண்டாம், மூன்றாம் நாட்களே மிகக் கடுமையானவை. என் இளைஞன் விழுந்ததும் சரியாக அந்த மூன்றாம் இரவில்தான். அவனுடைய ஈமானின் பலவீனம் என்று நான் தீர்ப்பளித்திருந்தது பெரும்பகுதி அவன் நரம்புகளின் ஓலமே என்பதை அறிந்தபோது வெட்கப்பட்டேன்.

இதனினும் அஞ்சத்தக்க செய்தி ஒன்றுண்டு. சில வாரங்கள் மாத்திரையை விட்டிருந்தவனுடைய உடல் பழைய அளவைத் தாங்கும் சக்தியை இழந்துவிடுகிறது. அவன் தடுமாறி, முன்பு உண்ட அதே அளவை மீண்டும் உண்டால் மூச்சு அடங்கிப் போகக்கூடும். "மகன் ஒரு மாதம் சுத்தமாக இருந்தான், அதன்பின் ஒரே இரவில் போய்விட்டான்" என்று அழும் தாய்மார்களின் கதை இதுதான். ஆகவே, நஞ்சை உடலிலிருந்து இறக்கியதோடு கடமை முடிந்தது என்று வீட்டிற்கு அனுப்பிவிடுவது அரைச் சிகிச்சைகூட அன்று. சில வேளை அது ஆபத்தின் தொடக்கம்.

இது ஏதோ ஓரிரு வீட்டின் துயரம் என்று எண்ண வேண்டா. நடுவண் அரசுக்காக அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் நடத்தி 2019-ல் வெளியிட்ட ஆய்வின்படி, இந்திய மக்களில் நூற்றுக்கு இருவருக்குச் சற்று மேற்பட்டோர், அதாவது சுமார் 2 கோடியே 26 லட்சம் பேர், அபினி வகைப் பொருள்களைப் பயன்படுத்துகின்றனர். அவர்களுள் மருந்துக் கடைச் சரக்கை நாடுவோர் மட்டும் மக்கள் தொகையில் நூற்றுக்கு ஒருவரை நெருங்குகின்றனர். டிரமடால் மாத்திரையைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் அரசு கொண்டுவந்தது 2018 ஏப்ரலில். அமெரிக்காவில் 1996-ல் ஆக்ஸிகான்டின் என்னும் மாத்திரை விற்பனைக்கு வந்தபோது, அதனால் அடிமைத்தனம் உண்டாவது அரிது என்று மருத்துவர்களுக்கே போதிக்கப்பட்டது. அதைச் செய்த நிறுவனம் 2007-ல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்குள் அங்கே எத்தனையோ வீடுகள் இருண்டுவிட்டன.

போதை தருவன யாவும் விலக்கப்பட்டவை என்பதில் நமக்குள் இரண்டு கருத்து இல்லை. ஆனால் மார்க்கத்தின் பெயரால் நோயாளியின் மருந்தைப் பிடுங்குவோருக்கும் ஒரு சொல் சொல்ல வேண்டும். புற்றுநோயால் துடிப்பவருக்கு மருத்துவர் தரும் மார்ஃபின் சிகிச்சையாகும். அத்தகையோர் எளிதில் அம்மருந்தைப் பெறட்டும் என்றே 2014-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். வலியால் அலறும் தந்தைக்கு "ஹராம்" என்று சொல்லி மருந்தை மறுப்பது பக்தி ஆகாது.

இனி, மீள நினைப்பவனின் செய்திக்கு வருவோம். மாத்திரைக்கு அடிமையானோருக்கு மருத்துவர்கள் ப்யூப்ரனார்ஃபின் என்னும் மருந்தை நாவின் அடியில் வைக்கத் தருகிறார்கள். அதுவும் அபினி இனத்தைச் சேர்ந்ததே. எனினும் மருத்துவர் குறித்த அளவில் அது மயக்காமல், உடலின் ஓலத்தை மட்டும் அடக்கி, மனிதனை வேலைக்கும் தொழுகைக்கும் நிற்க வைக்கிறது. இச்சிகிச்சையில் நிலைத்திருப்போரிடையே மரணங்கள் பெருமளவு குறைகின்றன என்பது பல நாடுகளில் கண்ட உண்மை. ஆனால் நம் வீடுகளில் எழும் கேள்வி வேறு: "ஒரு போதையை விட்டு இன்னொரு போதையா? இதற்கு மார்க்கத்தில் இடம் உண்டா?"

இக்கேள்விக்கு விடை தேடி நான் நூலகங்களில் அலைய வேண்டியிருக்கவில்லை. நம் மதரஸாக்களில் ஓதப்படும் கிதாபிலேயே அது இருந்தது. அன்று நான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை, அவ்வளவுதான். ஹிஜ்ரி பத்தாம் நூற்றாண்டில் மக்காவில் வாழ்ந்த ஷாஃபிஈ இமாம் இப்னு ஹஜர் ஹைதமீ (ரஹ்) அவர்களிடம், அபினி உண்ணும் பழக்கத்தில் சிக்கி, உண்ணாவிட்டால் உயிர் போகும் என்ற நிலையை எய்தியவனைப் பற்றிக் கேட்கப்பட்டது. உயிர் போகும் என்பது உறுதியாயின், பசியால் சாகக் கிடப்பவனுக்குச் செத்த பிராணியின் இறைச்சி ஆகுமாவது போல, அவன் அதை உண்பது ஆகும். உயிரைக் காக்கும் அளவிற்கு அது கடமையும் ஆகும். ஆனால் உடல் உணராத வண்ணம் சிறுகச் சிறுகக் குறைத்துக்கொண்டே வந்து அதிலிருந்து விடுபடுவதும் அவன்மீது கடமை. அந்த முயற்சியைக் கைவிட்டவன் குற்றவாளி என்பதே அவர்கள் வழங்கிய தீர்ப்பின் சாரம். நம் ஹனஃபீ மத்ஹபின் பெரும் நூலாகிய ரத்துல் முஹ்தாரில் இப்னு ஆபிதீன் (ரஹ்) அவர்கள் இதை எடுத்தெழுதி, எங்கள் விதிகளும் இதற்கு முரணானவை அல்ல என்று கைருத்தீன் ரம்லீ (ரஹ்) அவர்கள் கூறியதையும் சேர்த்துள்ளார்கள். கடற்கரையோர ஷாஃபிஈகளுக்கும் உள்நாட்டு ஹனஃபீகளுக்கும் பிறை பார்ப்பதில்கூட ஒத்துப்போகாத நம் நாட்டில், இந்த ஒரு விஷயத்தில் இரு மத்ஹபுகளும் தோளோடு தோள் நிற்கின்றன! குறைக்க வேண்டிய வேகத்தை மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆறு மாதமோ ஆறு ஆண்டோ, அவசரப்படுத்துவது நம் வேலை அன்று. ரமளானில் மருந்து வேளையை ஸஹருக்கோ இஃப்தாருக்கோ மாற்ற இயலுமா என்று அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்; இது நெடுநேரம் நின்று வேலை செய்யும் மருந்து.

மருந்து இருக்கட்டும். மருத்துவமனையை விட்டு வெளியே வந்தவன் எங்கே போய் இருப்பது? நூறு கொலை செய்தவனின் வரலாற்றை மிம்பரில் கேட்காதவர் நம்மில் இல்லை. தௌபாவுக்கு வழி உண்டா என்று அவன் கேட்டபோது, அறிஞர் உண்டு என்று சொன்னதோடு நிறுத்தவில்லை. உன் ஊரை விட்டுப் புறப்படு, அது தீய ஊர். நல்லோர் வாழும் இன்ன ஊருக்குப் போய் அவர்களோடு சேர்ந்து அல்லாஹ்வை வணங்கு என்றும் சொன்னார். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ள ஹதீஸ் இது. நாம் முதற்பாதியைச் சொல்லி மக்களை அழ வைக்கிறோம். இடத்தை மாற்றச் சொன்ன பிற்பாதியைக் கடந்து போய்விடுகிறோம். மாத்திரை விற்கும் கூட்டாளி நிற்கும் அதே தெருமுனைக்கு, "எப்போது மறுபடி தொடங்குவாய்?" என்று கண்ணாலேயே கேட்கும் அதே உறவினரிடம் அனுப்பிவிட்டு, அவன் விழுந்தபின் ஏசுகிறோம்.

1975-ல் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், குடியிலிருந்து மீண்டோர் தங்கியிருந்த விடுதி ஒன்று பணமின்றி மூடப்பட இருந்தது. அங்கிருந்தவர்களே அவ்வீட்டை வாடகைக்கு எடுத்துக்கொண்டார்கள். போதை கூடாது, வாடகையில் அவரவர் பங்கை அவரவர் உழைத்துக் கொடுக்க வேண்டும், வீட்டு நிர்வாகத்தை வாக்கெடுத்துத் தாமே நடத்த வேண்டும். மேற்பார்வைக்கு அதிகாரி எவரும் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு இல்லம் எனப் பெயர் பெற்ற அம்முறையில் இன்று ஆயிரக்கணக்கான வீடுகள் இயங்குகின்றன. சிகிச்சை முடித்த 150 பேரை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2006-ல் வெளியான ஓர் ஆய்வில், வழக்கம் போல் தத்தம் இடங்களுக்குத் திரும்பியவர்களில் நூற்றுக்கு 65 பேர் மீண்டும் போதையைத் தொட்டிருக்க, இவ்வீடுகளில் தங்கியோரில் நூற்றுக்கு 31 பேரே தொட்டிருந்தனர். அயல்நாட்டார் கண்ட புதுமை என்று இதை ஒதுக்காதீர்கள். வீடற்ற தோழர்களுக்கு மதீனாப் பள்ளியின் திண்ணையில் இடமளித்துத் தம் உணவைப் பகிர்ந்தளித்த பெருமானார் (ஸல்) அவர்களின் உம்மத்து நாம்.

நம் மஹல்லாக்களில் வக்ஃபு வீடுகள் இருக்கின்றன. வெளிநாடு போனோரின் பூட்டிய வீடுகள் இருக்கின்றன. நான்கு பேர் தங்க ஒன்றைத் திறந்துவிட ஒரு முத்தவல்லிக்கு மனம் வந்தால் போதும். ஜகாத் பணத்தைக் கட்டடத்திற்கு நேரே செலுத்துவதில் சிக்கல் உண்டு. ஆனால் அதில் தங்கும் ஏழையின் கையில் கொடுத்துவிட்டால், அவன் தன் பங்கு வாடகையைத் தானே செலுத்துவான். ஒன்றே ஒன்று: மருத்துவர் தரும் மருந்தை உண்பவனுக்கு இங்கே இடமில்லை என்று பலகை மாட்டிவிடாதீர்கள். மேலே சொன்ன இரு இமாம்களையும் விட நாம் பேணுதலுள்ளவர்கள் ஆகிவிட முடியாது.

தனியார் மறுவாழ்வு இல்லங்களை நாடுவோர், மாநில மனநல ஆணையத்தின் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்; உள்ளே சென்று அறைகளைப் பாருங்கள். அடிப்பதும் பூட்டி வைப்பதும் சிகிச்சை அல்ல. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்று தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் ஓட வழியின்றிக் கருகினார்கள். நம் மண்ணில் நடந்த அது நமக்கு மறக்கலாகாது. போலீசுக்கு அஞ்சி மகனை ஒளித்து வைப்போரும் உள்ளனர். சிறிதளவு வைத்திருந்து பிடிபட்ட அடிமையாயினும், அவன் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு என்று அச்சட்டத்தின் 64அ பிரிவே கூறுகிறது. 14446 என்ற இலவச எண்ணில் அரசின் ஆலோசனையும் கிடைக்கும்.

விழுந்தவன் எழுந்து, மறுபடி விழுந்தால்? நாயகம் (ஸல்) அவர்களின் காலத்தில் அப்துல்லாஹ் என்றொரு தோழர், பெருமானாரைச் சிரிக்க வைப்பவர், குடித்த குற்றத்திற்காகப் பலமுறை கொண்டுவரப்பட்டார். தண்டனையும் பெற்றார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது அண்ணலார் தடுத்தார்கள். அவர் அல்லாஹ்வையும் அவன் தூதரையும் நேசிப்பவர் என்று சான்று பகர்ந்தார்கள். தண்டனை தவறவில்லை, அதனால் உறவும் அறுந்துவிடவில்லை. இந்த இரண்டாவதைத்தான் நம் ஜமாஅத்துகள் மறந்துவிடுகின்றன.

கடைத்தெருவில் அந்த இளைஞன் கேட்ட கேள்விக்கு அன்று என்னிடம் விடை இருந்தது. மதுவை விலக்கும் வசனம் அல்மாயிதா அத்தியாயத்தின் 90-வது வசனம் என்பது நாம் எல்லோரும் அறிந்ததே. அதற்கு முந்திய 89-வது வசனம் எதைப் பற்றியது? ஆணையை முறித்தவன் மீளும் வழியைப் பற்றியது. பத்து ஏழைகளுக்கு, நம் வீட்டார்க்கு அளிக்கும் நடுத்தர உணவை அளிப்பது, அல்லது உடை அளிப்பது, அல்லது ஓர் அடிமையை விடுதலை செய்வது. எதற்கும் வசதி இல்லையேல் மூன்று நாள் நோன்பு. இதைச் சொல்லி, அவனிடம் மன்னிப்பும் கேட்டு, அடுத்த வாரம் அவனோடு மருத்துவமனைக்குச் சென்றேன்.

சிகிச்சைக்குப் பின் அவன் வீடு திரும்பவில்லை. அவனைப் போல் மீண்ட நால்வர் வேறோர் ஊரில் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டில் ஓராண்டு தங்கி, ஓர் இரும்புக் கடையில் கணக்கெழுதினான். நடுவில் ஒருமுறை சறுக்கினான். மற்ற நால்வரும் அன்றிரவே மருத்துவரிடம் கொண்டுபோனார்கள். முதற்சம்பளம் மிச்சப்பட்டதும் பத்து ஏழைகளை அழைத்து உணவளித்தான். எனக்கும் சொல்லி அனுப்பினான். நான் ஏழை அல்லன், உன் பரிகாரக் கணக்கில் சேரமாட்டேனே என்றேன். "பதினோராவது ஆளாக வாருங்கள், ஹஜ்ரத்" என்றான். போனேன். நெய்ச்சோறும் தால்சாவும் வைத்தான்.