ஏலமலையில் இழந்தவர் யார்?

2024ஆம் ஆண்டுக் கோடையில் இடுக்கி மலைமேல் ஏலச்செடிகள் தூரோடு காய்ந்து கருகின. மரநிழலும் நீங்காத ஈரமும் இருந்தாலன்றி ஏலம் வாழாது. மழை பொய்த்து வெப்பம் ஏறவே, நீர்விட வழியற்ற தோட்டங்கள் மடிந்தன. தோட்டக்காரர்தம் இழப்பைத் தாளிகைகள் எழுதின. கேரள அரசும் கணக்கெடுத்தது. சிலமலை முதலாய போடி வட்டாரத்துச் சிற்றூர்களிலிருந்து, விடியுமுன் சோற்றுத் தூக்கோடு சீப்பு வண்டிகளில் நெருக்குண்டு மலையேறி, களையெடுத்தும் காயெடுத்தும் பொழுதுசாயக் கீழிறங்கும் தமிழ்ப் பெண்கள் இழந்ததை எந்தக் கணக்கில் எழுதுவது?

நடுவணரசு 2022இல் வகுத்த பேரிடர் உதவி நெறிகளின்படி, விளைச்சலில் 33 விழுக்காடேனும் இழந்தவர்க்கு, நீடுபயிராயின் எக்டேருக்கு 22,500 உருபா. அதுவும் இரண்டு எக்டேர் வரையே. அத்தொகை சிறுதோட்டக்காரனுக்கே போதாது என்பது வேறு. நிலமே இல்லாதவளுக்கோ அப்பயிர்க்கணக்கில் இடமே இல்லை. பட்ட செடிக்கு மாற்றாக நட்ட செடி காய்க்க மூன்றாண்டு ஆகும். அதுவரை காயெடுப்புக் கூலியும் இல்லை.

மலையைக் காக்கும் வழிகளுக்குக் குறைவில்லை. மாதவ காட்கில் குழு 2011இல் மேற்குத் தொடர்ச்சிமலை முழுவதையும் மூன்று காப்பு வட்டாரங்களாகப் பகுத்து, எது தகும் எது தகாது என்பதை ஊரவைகளைக் கேட்டே முடிவுசெய்க என்றது. 2013இல் கத்தூரிரங்கன் குழு அதனை 37 விழுக்காடாகச் சுருக்கியது. அதற்கே இடுக்கியில் கடையடைப்பு நடந்தது. வணிக வழியினரோ, கரிவளியைத் தேக்கும் மரங்களுக்கு விலை தரலாம் என்கின்றனர். அவ்விலை மரத்துக்கு உரியவன் மடியில் விழுமேயன்றிக் களையெடுப்பவள் கைக்கு வருமா?

இவற்றுள் காட்கில் வழியே அறத்திற்கு அணித்தானது. எனினும் அதிலும் ஓர் ஓட்டை உண்டு. அவள் உழைக்கும் தோட்டம் உடும்பஞ்சோலையில். அவள் வாக்குரிமையோ சிலமலையில். மலைமேல் கூடும் ஊரவையில் அவளுக்கு இடமில்லை. கீழே கூடும் ஊரவைக்கு அத்தோட்டத்தின்மேல் உரிமையில்லை. 1956இல் தேவிகுளமும் பீரிமேடும் கேரளத்தொடு சேர்ந்தபொழுது நிலைத்துவிட்ட கோடு, மண்ணை மட்டுமா பிரித்தது? அவள் வயிற்றையும் வாயையும் அன்றோ பிரித்து வைத்தது!

ஞால நாடுகள் 2015இல் பாரிசில் செய்த உடன்பாட்டின் முன்னுரை, இம்மாற்றம் உழைப்பாளர்க்கு நேர்மையுடையதாதல் வேண்டும் என்கிறது. செருமனி அதனைச் சட்டமாக்கிக் காட்டிற்று. 2038க்குள் நிலக்கரி மின்னாக்கத்தைக் கைவிட 2020இல் முடிவுசெய்தபோதே, நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்கியது. வேலையிழக்கும் 58 அகவை கடந்த தொழிலாளிக்கு ஐந்தாண்டு வரை ஈட்டுத்தொகையும் வைத்தது. சுரங்கத்தின் உரிமையாளனை மட்டும் அது எண்ணவில்லை. சுரங்கத்தில் இறங்கியவனையும் எண்ணியது. செல்வநாடு அது, நம்மால் ஆகுமா என்பார் உளர். ஆளை எண்ணுவதற்குச் செல்வம் எதற்கு?

தமிழக, கேரள அரசுகள் இரண்டும் கூடி மலையேறும் கூலியாள் பதிவேடு ஒன்று திறக்கட்டும். கோடையாலோ மண்சரிவாலோ வேலை நின்ற நாள்களுக்குக் கூலியீடு தரட்டும். ஏலக்காய் விலைபோகும்போது கிலோவுக்கு ஒரு சிறுதொகை பிடித்தாலே அதற்கொரு வைப்புநிதி தொடங்கலாம். போடியில் நறுமணப்பொருள் வாரியத்தின் மின்வழி விற்பனைக் கூடத்தில், எந்தக் காய் எத்தனை கிலோ, யார் விற்றார், யார் கொண்டார் என்பதெல்லாம் இன்றும் பிழையின்றிப் பதிவாகின்றன. அக்காயைப் பறித்தவளின் பெயர் மட்டும் அங்கில்லை.