தொங்கவிட்டு நிறுத்துவிட்டு ‘விட்டுட்டம்’ எண்டு சொல்லாதீங்கள்

அந்த மாதிரிப் படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒருவர் ஸ்பிரிங் தராசை உயர்த்திப் பிடித்திருப்பார். தராசின் கொளுக்கி மீனின் கீழ்த்தாடைக்குள் போயிருக்கும். வாய் மேலே, வால் கீழே, மீன் செங்குத்தாகத் தொங்கும். படத்துக்குக் கீழே ஒரு வரி: “இத்தனை கிலோ. பத்திரமா விட்டுட்டம்.” அதற்குக் கீழே வரிசையாக இதயங்கள். ‘உயிரை மதிக்கிற மனுசன்’ எண்டு ஒரு கொமெண்டும் இருக்கும்.

நான் சொல்ல வருவது இவ்வளவுதான். மீனைப் பிடித்துத் தின்பவரோடு எனக்குச் சண்டை இல்லை. விடப்போகிறேன் என்று சொல்லிவிட்டு, விடுவதற்கு முன்பே அதை உடைத்துப்போடுகிறவரோடுதான் சண்டை.

தண்ணீருக்குள் மீனின் பாரத்தைத் தண்ணீர்தான் சுமக்கிறது. அதன் எலும்பும் தசையும் அப்படி வாழத்தான் அமைந்தவை. தாடை இரையைக் கவ்வுவதற்கு உள்ளது. முழு உடம்பையும் தாங்குவதற்கு இல்லை. பெரிய மீனைத் தாடையில் தொங்கவிட்டால் தாடை மூட்டும் தொண்டைப்பக்கத் தசைநாரும் கிழியலாம், முள்ளந்தண்டு இழுபடலாம், உள்ளுறுப்புகள் கீழே சரியலாம். மீன் பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடும். நாங்கள் தராசைத் தூக்குவதோ பெரிய மீனுக்குத்தான். தாடை பழுதான மீன் நீந்திப் போகும், உண்மைதான். ஆனால் பிறகு அதால் இரை பிடிக்க ஏலாமல் போகலாம். அது சாகிற நேரம் படம் எடுக்க அங்கே ஆரும் நிற்கமாட்டினம்.

“சில செக்கன்தானே” என்பது வழக்கமான பதில். 1992இல் பெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வானவில் ட்ரவுட் மீன்களை வைத்து இதைச் சோதித்தார்கள். தூண்டிலில் போராடிக் களைத்ததுபோல மீன்களை முதலில் களைக்க வைத்தார்கள். களைத்ததோடு விட்ட மீன்களில் 12 வீதம் செத்தன. களைத்த பிறகு 30 செக்கன் காற்றில் வைத்தவற்றில் 38 வீதம் செத்தன. 60 செக்கன் வைத்தவற்றில் 72 வீதம். எல்லா மீனுக்கும் இதே கணக்கு வராது. இனமும் தண்ணீரின் சூடும் மாறினால் எண்ணும் மாறும். ஆனால் தராசைத் தேடி எடுத்து, முள் ஆடி நிற்கும்வரை பார்த்து, ‘இன்னொரு படம் எடு மச்சான்’ எண்டு சொல்லி முடிக்க எத்தனை செக்கன் போகும்? நீங்களே எண்ணிப் பாருங்கள்.

பாதிப்பைக் குறைத்து நிறுக்க வழி இல்லாமல் இல்லை. இங்கிலாந்தில் கார்ப் மீன் பிடிப்பவர்கள் இதை ஒரு ஒழுங்காகவே வைத்திருக்கிறார்கள். மெத்தை போன்ற விரிப்பை முதலே நனைத்து விரிக்கிறார்கள். தொட்டில் மாதிரியான நிறுவைப் பையையும் நனைத்து, அந்த ஈரப் பையோடு தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருகிறார்கள். கையை நனைத்த பிறகுதான் மீனைத் தொடுகிறார்கள். காய்ந்த கை பட்டால் மீனின் மேலிருக்கிற வழுவழுப்புப் படலம் உரிந்து, தொற்று உள்ளே போக வழி கிடைக்கும். மீனைக் கிடையாகப் படுக்கவைத்து, விரிப்புக்குச் சற்று மேலே மட்டும் தூக்கி, எண்ணைப் பார்த்ததும் இறக்கிவிடுகிறார்கள். அங்கே பென்சன் என்று பெயர் வைக்கப்பட்ட ஒரு கார்ப், 60 தடவைக்கு மேல் பிடிபட்டுப் பிடிபட்டுத் திரும்பத் தண்ணீருக்குப் போனது. ஒரு கட்டத்தில் 64 இறாத்தல் நிறுத்தது. 2009இல் செத்தபோது பத்திரிகைகளில் செய்தி வந்தது.

பென்சனின் கதையைக் காட்டி “பார், கவனமா நிறுத்தால் ஒண்டும் ஆகாது” என்பார்கள். எனக்கு அதில் வேறொரு கேள்வி வருகிறது. முதல் தடவையே எடை தெரிந்த மீனை இன்னும் அறுபது தடவை ஏன் நிறுக்க வேண்டும்? அந்த எண் ஆருக்குத் தேவை? மீனுக்கு இல்லை. குளத்துக்கும் இல்லை. ஆய்வாளர் மீனின் வளர்ச்சியைக் கணக்கெடுக்க நிறுத்தால் அந்த எண்ணுக்கு ஒரு வேலை இருக்கிறது. எங்கள் எண்ணுக்கு இருக்கிற ஒரே வேலை, பக்கத்தில் நிற்பவனின் எண்ணைவிடப் பெரிதாக இருப்பது.

எண்தான் வேணும் என்றால் தராசு இல்லாமலே கிட்டத்தட்ட எடுக்கலாம். மீனைத் தண்ணீருக்குள்ளேயே ஈர வலையில் வைத்து, நாடாவால் நீளத்தையும் உடம்பின் சுற்றளவையும் அங்குலத்தில் அளவுங்கள். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 800ஆல் வகுத்தால் இறாத்தலில் எடை வரும். 40 அங்குல நீளமும் 20 அங்குலச் சுற்றளவும் என்றால் 20 இறாத்தல். உடம்பின் வடிவத்தைப் பொறுத்துக் கொஞ்சம் கூடிக் குறையும். அந்தக் கொஞ்சத்துக்காக ஒரு உயிரைத் தொங்கவிட வேணுமா?

சாதனைப் பட்டியல் வைத்திருப்பவர்களுக்கே இது விளங்கிவிட்டது. சர்வதேச விளையாட்டு மீன்பிடிச் சங்கம் எடைச் சாதனைக்கு மீனைத் தரையில் வைத்தே நிறுக்கச் சொல்கிறது. படகில் நிறுத்தால் செல்லாது. அதே சங்கம் 2011இல், அளந்துவிட்டு உயிரோடு விடுகிற மீன்களுக்கு என்று நீளச் சாதனையைத் தொடங்கியது. புளோரிடாவில் 2013இலிருந்து 40 அங்குலத்துக்கு மேற்பட்ட தார்ப்பன் மீனைத் தண்ணீரை விட்டு வெளியே தூக்க முடியாது. எடைச் சாதனைக்குப் போகிறவர் காசு கட்டி அனுமதி அட்டை வாங்க வேணும். ஒன்றில் சாதனைக்கென்று எடுத்துக்கொள், இல்லாவிட்டால் தண்ணீருக்குள்ளேயே வைத்து விடு. இரண்டும் சேர்ந்து கிடையாது. இது நேர்மையான சட்டம்.

எங்கட சொந்தக்காரர் நிறையப் பேர் இருக்கிற சுவிசில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். திரும்ப விடும் எண்ணத்தோடு மீன் பிடிப்பதையே தடுத்திருக்கிறார்கள். தின்ன வேண்டும் என்றால் பிடி, விளையாட வேண்டும் என்றால் வேறு எதையாவது விளையாடு என்பதுதான் அதன் அர்த்தம். நான் அவ்வளவு தூரம் போகவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தட்டிக்கழிக்கவும் முடியவில்லை.

“கடல்தொழில் செய்யிற ஆக்கள் நாளாந்தம் எவ்வளவு மீனைக் கொல்லினம், அதைக் கேக்காமல் இதைக் கேக்கிறீங்கள்” எண்டும் ஒரு கதை வரும். கடற்கரையில் தராசு இருப்பது விற்பதற்கு. அந்த எண் அரிசியாகவும் பிள்ளையின் கொப்பியாகவும் மாறுகிறது. அங்கே ஆரும் “நான் மீனைக் காப்பாத்தினன்” எண்டு சொல்லிக்கொண்டு நிற்பதில்லை. வலை இழுக்கிறவரைப் பார்த்து ‘மீன்நாத்தம்’ என்று முகம் சுளிக்கிற சமூகம், வாடகைப் படகில் போய்ப் பாரை மீனைத் தொங்கவிட்டுப் படம் போடுகிறவரை இயற்கை ஆர்வலர் என்று கொண்டாடுகிறது. எனக்கு ஆத்திரம் வருவது இந்த இடத்தில்தான். ‘விட்டுட்டம்’ என்ற சொல்லுக்கு இவ்வளவு மரியாதை கிடைக்கிறது என்றால், அந்தச் சொல் உண்மையாக இருக்கவேண்டிய கடமையும் இருக்கிறது.

ஆகவே, தூண்டில் தூக்கிக்கொண்டு போகிற நண்பர்களே, தோழிகளே: தின்னப் போகிறீர்களா, பிடித்தவுடன் கொன்றுவிட்டு ஆறுதலாக நிறுங்கள். விடப் போகிறீர்களா, தண்ணீருக்குள்ளேயே அளவுங்கள். நிறுத்தே ஆகவேண்டும் என்றால் ஈரப்பையில், கிடையாக, கெதியாக நிறுங்கள். படத்துக்குக் கீழே கிலோவை எழுதும்போது அந்த மீன் எத்தனை செக்கன் தண்ணிக்கு வெளியே நிண்டது எண்டதையும் சேர்த்து எழுதுங்கள். அதை எழுதக் கை கூசினால், கிலோவை எழுதவும் கூசவேணும்.