துவாலை பிடிக்கும் கை

தைபேயில் நான் ஆராய்ச்சி மாணவியாக இருந்தபோது, 2017 முதல் 2019 வரை, என் வீட்டுக்கு மேல்மாடியில் எப்போதும் இரண்டு அமெரிக்கப் பெண்கள் குடியிருந்தார்கள். ஆட்கள் மாறுவார்கள், எண்ணிக்கை மாறாது. வயது இருபது, இருபத்தொன்று. மார்பில் கறுப்புப் பெயர்ப்பட்டை. அதில் சீன எழுத்தில் ஒரு குடும்பப் பெயரும், சகோதரி என்ற சொல்லும், சபையின் பெயரும் இருக்கும். அம்மா கூப்பிட்ட பெயர் இருக்காது. பதினெட்டு மாதங்களுக்கு அவர்கள் தங்களுக்குள்ளேயே 'சிஸ்டர்' போட்டுத்தான் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும்.

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை அனுப்பிய மிஷனரிகள் அவர்கள். மார்மன் என்றால் எல்லாருக்கும் தெரியும். ஊரில் என் தோழிகளிடம் இவர்களைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் ஒரே சிரிப்பு. "மூளைச்சலவை செய்த பொம்மைகள்" என்றாள் ஒருத்தி. வாரம் தவறாமல் கூடி பெண்ணியம் படிக்கிற வட்டம் அது. அந்தச் சிரிப்போடு எனக்குச் சண்டை உண்டு. அந்தச் சபையோடும் உண்டு. இரண்டையும் இங்கேயே போட்டுவிடுகிறேன்.

சிரித்தவர்கள் அந்தப் பெண்களின் ஒரு நாளைப் பார்த்திருக்க வேண்டும். காலை ஆறரைக்கு எழுந்திருக்க வேண்டும். உடற்பயிற்சி, ஜெபம், வேத வாசிப்பு, அதற்குப் பிறகு மொழிப் பாடம். ஒரே 'மா' நாலு விதமாக ஒலித்தால் நாலு பொருள் தருகிற சீன மொழியை, பயிற்சி மையத்தில் சில வாரங்கள் படித்த கையோடு தெருவில் பேச அனுப்பிவிடுகிறார்கள். பிறகு சைக்கிள். தைபேயின் கோடைப் புழுக்கத்தில், ஸ்கூட்டர்கள் தேனீக்கூட்டம் மாதிரி கிளம்பும் சிக்னலில், தலைக்கவசத்தோடு இரண்டு பேர். கதவு கதவாகத் தட்டுவது, பூங்காவில் பேச்சுக் கொடுப்பது, மூடின கதவின் முன்னால் சிரித்த முகத்தோடு திரும்புவது. இரவு பத்தரைக்கு விளக்கணைக்க வேண்டும்.

துணையாக வருபவளை இவள் தேர்ந்தெடுக்க முடியாது. ஒதுக்கப்பட்டவளோடு, அவளைப் பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும், குளியலறை தவிர எல்லா நேரமும் கண்பார்வையில், காதுக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒருமுறை மாற்றல் பட்டியல் வரும். திருமணத்தில்கூட இந்த அளவு ஒட்டிக்கொண்டிருக்கச் சொல்வதில்லை. 2019 பிப்ரவரிக்கு முன்பு, வீட்டுக்குத் தொலைபேசியில் பேச ஆண்டுக்கு இரண்டே நாள்தான்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி வாரம் ஒரு மின்னஞ்சல். இதற்குச் சம்பளம் கிடையாது. காசு கட்டுவது அவள்தான், அல்லது அவள் குடும்பம்: மாதம் 400 டாலர், 2020 ஜூலையிலிருந்து 500. இத்தனையும் செய்கிறவளைப் பொம்மை என்பவர்கள் உழைப்பைப் பார்க்கத் தெரியாதவர்கள். வீட்டுவேலையும் உழைப்புதான் என்று நிறுவ நாம் எத்தனை கட்டுரை எழுதினோம்! இவள் பைபிளைத் தூக்கிக்கொண்டு நடப்பதால் மட்டும் அது உழைப்பில்லாமல் போய்விடுமா?

தைபேயில் குப்பை வண்டி பாட்டுப் பாடிக்கொண்டு வரும். ஒரு வண்டியில் பெத்தோவனின் இசை. இன்னொன்றில் 'கன்னியின் பிரார்த்தனை'. பின்னதை எழுதியவர் பதொன்பதாம் நூற்றாண்டுப் போலந்துப் பெண் தெக்லா பொந்தஜெவ்ஸ்கா. அவர் பெயரை எனக்கு ஒருவரும் சொல்லித்தரவில்லை, நானாகத் தேடியது. பாட்டுக் கேட்டதும் தெருவே பைகளோடு இறங்கி நிற்கும். மேல்மாடிப் பெண்களும் நிற்பார்கள். அவர்கள் அதிகம் பேர்களோடு பழகியது கதவு தட்டி அல்ல, அந்தக் குப்பை வரிசையில்தான். 2018 கடைசியில் வந்த ஒருத்தியோடு நான் பழகியதும் அங்கேதான்.

அவள் வந்த புதிதில் பாவாடைதான் உடை. சைக்கிள் சக்கரத்தில் பாவாடை சிக்காமல் ஒரு கையால் அள்ளிப் பிடித்துக்கொண்டு ஓட்டுவாள். துப்பட்டா சக்கரத்தில் சிக்கி விழுந்த நம் பெண்கள் எத்தனை பேர் என்று நினைத்துக்கொள்வேன். அந்த டிசம்பரில் சபை, பெண் மிஷனரிகள் பேண்ட் அணியலாம் என்று அனுமதித்தது. ஞாயிறு ஆராதனைக்குக் கூடாது, ஞானஸ்நானத்துக்குக் கூடாது, மற்ற நாட்களில் அணியலாம். 2018-இல்! அவள் மொட்டைமாடியில் துணி காயப்போட்டபடி இதைச் சொன்னபோது முகமெல்லாம் பல். எனக்குக் கோபம் வந்தது. அவளுடைய மகிழ்ச்சிக்கு முன்னால் என் கோபத்தை வாயைத் திறந்து சொல்ல முடியவில்லை.

இன்னொன்றும் அவள் சொன்னாள்: "கல்யாணம் எப்போது என்று ஒருவரும் கேட்காத முதல் வருடம் இது." அதைக் கேட்ட பிறகு எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் கசந்தது. வீட்டைவிட்டு வந்திருக்கிறாள், ஒரு மொழியைத் தன் வாய்க்குள் கொண்டுவந்திருக்கிறாள், முன்பின் தெரியாத நகரத்தின் சந்துகள் அவளுக்கு அத்துப்படி. அந்த விடுதலை நிஜம். அதைக் கொடுத்த கையே எங்கே கோடு கிழித்திருக்கிறது என்பதுதான் என் வழக்கு.

2012 அக்டோபர் வரை பெண்கள் 21 வயதானால்தான் போகலாம். ஆண்கள் 19-இலேயே போகலாம். அதற்குள் கல்யாணமாகிவிடும் என்ற கணக்கு இதில் ஒளிந்திருப்பதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஆராய்ச்சி வேண்டாம். அந்த மாதம் ஆண்களுக்கு 18, பெண்களுக்கு 19 என்று ஆக்கினார்கள். வாரத்துக்கு 700 வந்துகொண்டிருந்த விண்ணப்பங்கள் 4,000 ஆயின. பாதிக்கு மேல் பெண்கள். கதவு எவ்வளவு காலம் மூடியிருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? 2025 நவம்பரில் பெண்களுக்கும் 18 ஆனது. காலம் மட்டும் மாறவில்லை: ஆணுக்கு 24 மாதம், பெண்ணுக்கு 18. ஆணுக்கு ஊழியம் கடமை. பெண்ணுக்குக் கட்டாயமில்லை, விரும்பினால் வரலாம். இதைச் சலுகை மாதிரி சொல்கிறார்கள். கல்யாண வீட்டில் பந்தி பரிமாறுகிறவளிடம் "நீ உட்காராவிட்டாலும் பரவாயில்லை" என்று சொல்வது எவ்வளவு சலுகையோ அவ்வளவு சலுகை.

பெண்ணை முன்னால் நிறுத்தத் தெரியாத சபையும் அல்ல அது. 1898-இல் ஐனெஸ் நைட், ஜென்னி பிரிம்ஹால் என்ற இரண்டு இளம்பெண்களை இங்கிலாந்துக்கு அனுப்பியது. கல்யாணமாகாத பெண்களில் அதிகாரபூர்வ முழுநேர மிஷனரிகளாகப் போன முதல் இருவர் அவர்கள். பலதாரமணத்தைக் கைவிடுவதாகச் சபை அறிவித்து எட்டே ஆண்டுகள் ஆகியிருந்தன. மார்மன் பெண்கள் அடிமைகள் என்று இங்கிலாந்துத் தெருக்களில் பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குப் பதில் சொல்ல ஆண்கள் பேசி எடுபடவில்லை. படித்த, தைரியமாகப் பேசுகிற பெண்கள் மேடையேற வேண்டியிருந்தது. பெண் அடிமையில்லை என்று நிரூபிக்கிற வேலையையும் பெண் தலையிலேயே கட்டினார்கள். அவர்கள் அதைச் செய்தார்கள். ஆசாரியத்துவம் மட்டும் ஆண்களிடமே இருந்தது. இன்றும் அங்கேதான் இருக்கிறது.

ஞானஸ்நானம் கொடுக்க அந்த ஆசாரியத்துவம் வேண்டும். பதினாறு வயதுப் பையனுக்கு அது கிடைத்துவிடும். அறுபது வயதுப் பெண்ணுக்குக் கிடைக்காது. பெண் மிஷனரிகளுக்குப் பெண் தலைவிகளை 2013-இல் ஏற்படுத்தினோமே என்பார்கள். அந்தத் தலைவிகள் பார்ப்பது பெண்களை மட்டும். ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தலைவன் ஒரு பையன்தான். இந்த வாரம் எத்தனை பேரிடம் பேசினாய் என்று இவளைக் கேட்பவனும் அவன்தான். கேட் கெல்லி ஸ்பெயினில், பார்சிலோனாவில், இதே ஊழியம் செய்துவிட்டு வந்தவர், வழக்கறிஞர். பெண்களுக்கும் ஆசாரியத்துவம் வேண்டும் என்று 2013-இல் இயக்கம் தொடங்கினார். 2014 ஜூனில் சபை அவரை விலக்கியது.

மார்மன்களை மட்டும் திட்டிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. எங்கள் பூட்டி திருநெல்வேலிப் பக்கம் பைபிள் உமனாக இருந்தவள். ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் கொல்லைவாசல் வழியாகப் போய், அரிசி புடைக்கிறவர்களோடு தானும் உட்கார்ந்து புடைத்துக்கொண்டே கதை சொல்வாளாம். ஆயத்தப்படுத்தியது அவள். தண்ணீர் ஊற்றியது சேகரத்து ஐயர். ஞானஸ்நானப் பதிவேட்டில் ஐயரின் கையெழுத்து இருக்கிறது. பூட்டியின் பெயரைத் தேடி அந்தக் கோயிலுக்கு ஒருமுறை போனேன். கிடைக்கவில்லை.

2019 வசந்தத்தில் மேல்மாடிப் பெண் என்னை ஒரு ஞானஸ்நானத்துக்குக் கூப்பிட்டாள். எங்கள் தெருமுனையில் சோயாப்பால் கடை வைத்திருந்த, ஐம்பதைத் தாண்டிய அக்கா ஒருத்திக்கு. நாலு மாதம் அந்தக் கடையின் பின்கட்டில் உட்கார்ந்து பாடம் சொன்னவள் இவள். அந்த அக்காவின் மகள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கடையைக் கழுவிவிட்டவளும் இவள். அன்று பாவாடை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

தொட்டிக்குள் வெள்ளை உடையில் இறங்கி நின்றான் ஒரு பையன். வேறு பகுதியிலிருந்து வந்த மிஷனரி, பத்தொன்பது வயது இருக்கும். அந்த அக்காவை அவன் சரியாக இரண்டு தடவை பார்த்திருக்கிறான். வலக்கையை உயர்த்தி ஜெபத்தைச் சொல்லி அவளைத் தண்ணீரில் அமிழ்த்தினான். உடம்பு முழுக்க மூழ்க வேண்டும், ஒரு முடிகூட மேலே தெரியக் கூடாது. அதைப் பார்க்க இரண்டு பக்கமும் சாட்சிகளாக இரண்டு ஆண்கள். பெண்களும் சாட்சியாக நிற்கலாம் என்று சபை அறிவித்தது அந்த ஆண்டு அக்டோபரில். இது அதற்குச் சில மாதங்கள் முன்பு.

அக்காவின் கால் கட்டைவிரல் தண்ணீருக்கு மேலே வந்துவிட்டது. படிக்கட்டில் துவாலையோடு நின்ற இவள் பார்த்துவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து எனக்கும் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. சாட்சியாக நின்ற ஆணைப் பார்த்தாள். அவர் ஒரு கணம் யோசித்து, தலையசைத்து, இன்னொரு முறை என்றார். பையன் மறுபடி கையை உயர்த்தினான். அக்கா இருமிக்கொண்டே எழுந்து, கண்ணில் வழிந்த தண்ணீரைத் துடைத்துவிட்டு, அவனைத் தாண்டிப் படிக்கட்டில் இவளைத் தேடினாள். இவள் துவாலையை விரித்தாள்.