மேஜை மேல சாந்தோம்

போன மாசம் எங்க வீட்டு டைனிங் டேபிள்ல ஒரு சண்டை நடந்தது. அப்பா - அம்மா சண்டை இல்லை பாஸ், நிஜமான அடையாறு சண்டை!

மேட்டர் இதுதான். 1746 செப்டம்பர்ல ஜார்ஜ் கோட்டையை இங்கிலீஷ்காரங்ககிட்டேருந்து பிரெஞ்சுக்காரங்க பிடிச்சுட்டாங்க. கடுப்பான ஆற்காடு நவாப், மகன் மாபூஸ்கானை சுமார் பத்தாயிரம் பேரோட அனுப்பினார். பாண்டிச்சேரியிலிருந்து பாராடிஸ்னு ஒரு அதிகாரி சுமார் ஆயிரம் பேரோட வந்தார். அக்டோபர் 24-ம் தேதி, ஆத்துல இறங்கி நடந்தே கடந்து, வரிசையா நின்னு சுட்டு, நவாப் படையை சாந்தோம் தெரு வரைக்கும் துரத்திட்டாங்க. நாம தினமும் பஸ்ல தொங்கிட்டுப் போற அதே ரூட்!

இதை பொம்மை சிப்பாய்களை வெச்சு, ஸ்கேலால அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடறதுதான் வார்கேம். 'டைம் மெஷின்' எழுதின எச்.ஜி.வெல்ஸ் 1913-லேயே இதுக்கு ரூல்ஸ் புக் போட்டிருக்கார். ஒரு பொம்மைக்கு ஐம்பது பேர்னு கணக்கு. மாபூஸ்கானுக்கு 200 பொம்மை, பாராடிஸுக்கு வெறும் 20. பொம்மை ரெடி. ஆறு ரெடி (நீல சார்ட் பேப்பர்தான், சிரிக்காதீங்க). பாக்கி, சாந்தோம் சர்ச். அது என் பொறுப்பு.

நம்ம பொம்மை ஒண்ணரை சென்டிமீட்டர் உயரம். அதாவது ஏறக்குறைய நூத்துல ஒரு பங்கு. சாந்தோம் கோபுரம் 155 அடி, அதனால மாடல்ல 47 சென்டிமீட்டர் வரணும். தெர்மக்கோல்ல ஒரு வாரம் செதுக்கினேன். வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட் வாங்கி 'புஸ்ஸ்'னு அடிச்சேன். கண்ணு முன்னாடியே கோபுரம் ஐஸ்க்ரீம் மாதிரி உருகுது! ஸ்ப்ரேயில இருக்கற சால்வென்ட் தெர்மக்கோலைத் தின்னுடும். தண்ணியில கரையற பெயின்ட்டைப் பிரஷ்ஷால அடிக்கணும். ஒட்டறதுக்கும் வெள்ளை ஃபெவிகால்தான். நூறு ரூபா பாடம்.

ரெண்டாவது கோபுரத்தை மவுன்ட் போர்டுல கட்டினேன். பதினெட்டு நாள். ஊசி முனை, குட்டி ஜன்னல் எல்லாம் கட்டர்ல வெட்டி, ரெண்டு விரல்ல பிளாஸ்திரி. பெருமையா தூக்கிட்டுப் போய்க் காட்டினா, ஹிஸ்டரி படிக்கற நண்பன் ஒரே கேள்விதான் கேட்டான்: "மச்சி, இந்தக் கோபுரம் எப்போ கட்டினதுடா?"

தேடிப் பார்த்தேன். போர்ச்சுகீசியர் கட்டின பழைய சர்ச்சை இடிச்சுட்டு, இப்போ இருக்கற கட்டடத்தைக் கட்டி முடிச்சது 1896-ல. நான் 150 வருஷம் முன்னாடியே கோபுரத்தைத் தூக்கி நிறுத்திட்டேன்! "யார் பாக்கப் போறா, வெச்சுடலாம்"னு ரெண்டு பேர் சொன்னாங்க. எனக்கு மனசு வரலை. பொம்மை யூனிஃபார்முக்குக் கலர் தேடி ராத்திரி பூரா முழிச்சுட்டு, சர்ச்சுல மட்டும் பொய் சொல்றதா?

லஸ் சர்ச்சுக்குப் போனோம். காட்டுக்கோயில்னு பாட்டிங்க சொல்வாங்களே, அதேதான். 1516-னு கல்வெட்டு சொல்ற போர்ச்சுகீசியர் காலத்துக் கோயில், ஊசிக் கோபுரம் கிடையாது. பழைய சாந்தோமுக்கு ஸ்டாண்ட்-இன்னா இதையே வெச்சுக்கலாம்னு முடிவு. டேப் எடுத்து அளக்க சங்கடமா இருந்தது. நண்பனை வாசல்ல நிக்க வெச்சு ஒரு போட்டோ. அவன் 172 சென்டிமீட்டர். கதவு அவனைப் போல எத்தனை மடங்கு, சுவர் எத்தனை மடங்குனு போட்டோ மேலயே ஸ்கேல் வெச்சு அளந்தாச்சு. கூரையை மட்டும் ஒட்டலை. கழட்டினா உள்ளே சிப்பாய்களை ஒளிய வைக்கலாமே!

சுத்தி இருக்கற புல்லுக்குப் பச்சை சாயம் போட்ட மரத்தூள். இதுக்கு ஃபாரின்காரன் பாக்கெட் போட்டுக் காசு வாங்கறான். நம்ம மயிலாப்பூர் மாமிங்க கொலு பார்க்குக்குக் காலங்காலமா இதைத்தான் தூவறாங்க.

சண்டை முடிவு? நான்தான் மாபூஸ்கான். சர்ச்சுக்குள்ள எட்டு பேரைப் பதுக்கி மூணு ரவுண்டு தாக்குப் பிடிச்சேன். நாலாவது ரவுண்டுல பகடை காலை வாரிடுச்சு. இருபது பொம்மைகிட்ட இருநூறு பொம்மை தோத்ததை அப்பா இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கறார்.

47 சென்டிமீட்டர் கோபுரத்தை மட்டும் அம்மா பரண்ல ஏத்திட்டாங்க. வர்ற நவராத்திரிக்குக் கொலு பார்க்குல, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்துல அது நிக்கப் போகுதாம்.