முனையும் துறையும்

ஒலுவில் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரருகே நின்று அண்மையில் வடதிசை நோக்கினேன். கரையோரத் தென்னைகள் வேரறுந்து கடலிற் சாய்ந்து கிடந்தன. அப்பொழுது இப்பகுதியின் ஊர்ப்பெயர்கள் என் நினைவில் எழுந்தன.

நிலத்தைப் பார்த்து இடப்பெற்ற பெயர்கள் அவை. பாலமுனை, கல்முனை, மருதமுனை என்பவற்றில் நிலத்தின் முனை நிற்கிறது. அட்டாளைச்சேனையில் காடு வெட்டிப் பயிரிட்ட சேனை நிற்கிறது. அக்கரைப்பற்றிலோ பழைய ஆட்சிப் பிரிவாகிய பற்று நிற்கிறது.

துறைமுகம் அண்மைக் காலத்தது. 2000 ஆம் ஆண்டில் மறைந்த அமைச்சர் எம். எச். எம். அஷ்ரப் கண்ட கனவு அது. டென்மார்க்கின் நிதியுதவியுடன் எழுந்து 2013 இல் திறக்கப்பெற்றது. ஆனால் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அதன் சுவர்கள் மறித்தன. துறைவாயில் தூர்ந்தது, மணல் வரவிழந்த வடகரை, நிந்தவூர்ப் பக்கம்வரை அரிப்புண்டது.

துறைமுகம் வேண்டாவென்று நான் கூறவில்லை. வாயிலில் தோண்டியெடுக்கும் மணலை ஆண்டுதோறும் வடகரைக்கே சேர்த்தல் வேண்டும் என்கிறேன். அது அக்கரையின் உரிமைப் பொருள். இல்லையேல், நம் பிள்ளைகள் தங்கள் நிலத்தைக் காணி உறுதியிற் படிப்பர், கரையிற் காணார்.