ஒரு நாள் தாமதமான தந்தி

இந்த வருடத் தீபாவளியும் வந்து போய்விட்டது. சர்க்கரை இருப்பதால் எனக்கு வீட்டில் அளந்துதான் கொடுத்தார்கள். அரை அதிரசம், ஒரு முறுக்கு. காலையில் பேரன் டிவியில் எங்கோ நடக்கும் யுத்தச் செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இடிந்த கட்டடங்கள், தூக்கிக்கொண்டு ஓடும் மனிதர்கள். மருமகள் அடுப்படியிலிருந்து, "நல்ல நாளும் அதுவுமா இதையா பாப்பாங்க? சேனலை மாத்துடா" என்றாள்.

அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்து நான் செய்த ஒரு காரியத்தை என் மனைவியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை. இன்று எழுதிவிடுகிறேன்.

1987-ஆம் வருடம். அப்போது வேலூர் தனி மாவட்டம் இல்லை, வட ஆற்காடு மாவட்டம். அங்கே ஒரு சிறிய ஊர்த் தபால் ஆபீசில் எனக்கு வேலை. தபால் வேலையோடு தந்தி வேலையும் உண்டு. மோர்ஸ் சத்தத்தைக் காதால் கேட்டுக் கையால் எழுதி எடுக்க வேண்டும். சுற்றுப்பட்ட கிராமங்களில் பட்டாளத்துக்குப் போன பிள்ளைகள் நிறைய. மாதம் பிறந்தால் எங்கெங்கோ இருந்து மணியார்டர் வரும். வாங்க வரும் அம்மாக்களை எனக்கு முகம் தெரியும்.

அந்த வருடம் ஜூலை 29-ஆம் தேதி ராஜீவ் காந்தியும் ஜெயவர்த்தனாவும் கொழும்பில் ஒப்பந்தம் போட்டார்கள். நம் ராணுவம் 'அமைதிப்படை' என்ற பெயரில் இலங்கைக்குப் போனது. தமிழர்களைக் காப்பாற்றப் போகிறார்கள் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் சந்தோஷம். செப்டம்பர் 26-ல் திலீபன் உண்ணாவிரதம் இருந்து இறந்தார். அக்டோபர் 10-ஆம் தேதி வாக்கில் புலிகளுக்கும் நம் ராணுவத்துக்குமே சண்டை மூண்டுவிட்டது. மணியார்டர் வாங்க வந்த ஒரு அம்மா கவுண்டரில் நின்று கேட்டார்: "நம்ம ஜனத்தைக் காப்பாத்தத்தானே சாமி போனாங்க? இப்ப யாரோட சண்டை?" எனக்குப் பதில் தெரியவில்லை.

அக்டோபர் 20, செவ்வாய்க்கிழமை. மறுநாள் தீபாவளி. சாயங்காலம் ஆபீஸ் மூடும் நேரத்தில் ஒரு தந்தி வந்தது. எழுத எழுதவே கை நடுங்கியது. கவுண்டரில் என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்ட அம்மாவின் மகன். யாழ்ப்பாணத்தில் இறந்துவிட்டான்.

ஆறு கிலோமீட்டர் தள்ளி இருந்தது அந்தக் கிராமம். தந்தி கொடுக்கும் ஊழியர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். "சார், விடிஞ்சா தீபாவளி. இதை எப்படி சார் கொண்டு போய்க் கொடுக்கறது? நாளைக்கு ஒரு நாள் போகட்டுமே" என்றார். மரணத் தந்தியைத் தாமதிக்கக் கூடாது என்பது விதி. போஸ்ட் மாஸ்டர் லீவில் போயிருந்ததால் முடிவெடுக்க வேண்டியவன் நான். அந்த அம்மா ஒரு நாளாவது நிம்மதியாக இருக்கட்டும் என்று நினைத்தேன். தந்தியை மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினேன்.

மறுநாள் என் வீட்டிலும் தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன், பலகாரம் சாப்பிட்டேன். ஒன்றும் தொண்டையில் இறங்கவில்லை.

வியாழக்கிழமை காலை நானும் அந்த ஊழியருடன் போனேன். வீட்டு வாசலில் வெடித்த பட்டாசுத் தாள் கிடந்தது. சாமி படத்துக்கு முன்னால் ஓரத்தில் மஞ்சள் தடவிய ஒரு புதுச் சட்டை இருந்தது. மகன் லீவில் வரும்போது போட்டுக்கொள்வதற்காக. தந்தியை அந்த அம்மாவின் இளைய மகன் படித்துச் சொன்னான். அழுது ஓய்ந்த பிறகு அந்த அம்மா என்னைப் பார்த்துக் கேட்டார்: "இது எப்ப சாமி வந்துச்சு?" பொய் சொல்ல வாய் வரவில்லை. முந்தாநாள் என்றேன்.

"எம் புள்ள செத்துக் கெடக்கறப்ப என்னை எண்ணெ தேச்சுக் குளிக்க வெச்சிட்டியே சாமி. கறி ஆக்கித் தின்ன வெச்சிட்டியே."

நான் கருணை என்று நினைத்துச் செய்தது, அவருக்கு அவமானமாகப் போய்ச் சேர்ந்தது.

உடல் வரவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டிதான் வந்தது.

பல வருடங்களுக்குப் பிறகு 'முறிந்த பனை' என்ற புத்தகம் படித்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக ஆசிரியர்கள் நால்வர் சேர்ந்து எழுதியது. அவர்களில் ஒருவரான ராஜினி திராணகம எல்லாத் தரப்புத் துப்பாக்கிகளையும் கேள்வி கேட்டவர். 1989 செப்டம்பர் 21-ல் சுட்டுக் கொல்லப்பட்டார். 1987 அக்டோபர் 21 அன்று, அதே தீபாவளி நாளில், நம் ராணுவம் யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள் நுழைந்ததையும் அதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் செத்ததையும் அப்போதுதான் விவரமாகப் படித்தேன். ஏறக்குறைய எழுபது பேர். உள்ளே இருந்து புலிகள் சுட்டார்கள், இரு தரப்புச் சண்டையில் மாட்டிக்கொண்டார்கள் என்றது ராணுவத் தரப்பு. ஆயுதம் இல்லாத எங்களைத்தான் சுட்டார்கள் என்றார்கள் உயிர் தப்பிய ஊழியர்கள். படித்துவிட்டுத் தேதியைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். என் டிராயரில் தந்தி பூட்டிக் கிடந்த அதே நாள். எனக்குத் தெரியாமல் என்னிடமிருந்தும் ஒரு செய்தி பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

அமைதிப்படையில் கிட்டத்தட்ட 1,200 பேர் இறந்தார்கள். 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பியபோது வரவேற்பு நிகழ்ச்சிக்கு முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழர்களைக் கொன்ற படையை எப்படி வரவேற்பது என்ற அவர் கேள்வியைத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் படையில் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். எங்கே போகிறோம், யாரோடு சண்டை என்று தீர்மானித்தவர்கள் அவர்கள் இல்லை.

இன்றைக்கும் ஒரு மேடையில் ஆஸ்பத்திரியில் செத்தவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். அங்கே சிப்பாய்க்கு இடமில்லை. இன்னொரு மேடையில் சிப்பாயின் தியாகத்தைப் பேசுகிறார்கள். அங்கே ஆஸ்பத்திரி என்ற வார்த்தையே வராது. அவரவருக்கு வேண்டாத தந்தியை அவரவர் டிராயரில் பூட்டி வைத்திருக்கிறார்கள். செத்தவர்களில் யாருக்காக அழலாம் என்று அரசியல் முடிவு செய்கிறது. நாமும் சரி என்று தலையாட்டுகிறோம்.

நம் பழைய வழக்கம் இதைவிட நேர்மையானது. சாவு விழுந்த வீட்டில் அந்த வருடம் பண்டிகை கிடையாது. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள்தான் பலகாரம் கொண்டு போய்க் கொடுப்பார்கள். சாவை மறைப்பதும் இல்லை, அந்த வீட்டை ஒதுக்குவதும் இல்லை. தீபாவளியே ஒரு சாவு நாள்தானே? மகன் நரகாசுரன் செத்த நாளை ஊரெல்லாம் விளக்கேற்றிக் கொண்டாட வேண்டும் என்று தாய் பூமாதேவியே வரம் கேட்டாள் என்பாள் என் பாட்டி. மகன் செய்த கொடுமையும் தெரியும், அவன் செத்ததும் தெரியும். தெரிந்துதான் கேட்டாள். யாரும் அவளிடம் மறைத்து வைத்துக் கொண்டாட வைக்கவில்லை.

1988 பொங்கலுக்கு நானும் மனைவியும் பொங்கலும் கரும்பும் எடுத்துக்கொண்டு அந்த அம்மா வீட்டுக்குப் போனோம். வாங்கிக்கொண்டார். தண்ணீர் கொடுத்தார். கிளம்பும்போது, "இனிமே யாரு வீட்டுத் தந்தியையும் நிறுத்தி வெக்காத சாமி" என்றார். ரிட்டயர் ஆகும் வரை வைக்கவில்லை. 2013 ஜூலையில் தந்தி சேவையையே மூடிவிட்டார்கள். அன்றைக்கும் அந்த அம்மா முகம்தான் ஞாபகம் வந்தது.

அதனால் இந்தத் தீபாவளி அன்று மருமகளிடம், "இருக்கட்டும்மா, செய்தி முடியட்டும், அப்புறம் மாத்திக்கலாம்" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. பேரன் கேட்டான், "தாத்தா, இதுல யாரு நல்லவங்க?" அதற்கு இன்றும் எனக்கு ஒரு வார்த்தையில் பதில் தெரியாது. "செத்தவங்க யாருன்னு முதல்ல பாருப்பா" என்று மட்டும் சொன்னேன். செய்தி முடிந்ததும் இருவரும் வாசலுக்குப் போய்க் கம்பி மத்தாப்பு கொளுத்தினோம்.