தேரைத் தோலும் முகப்பருவும்

முகப்பருவைக் கண்டு மனம் வாடாத இளமை உண்டோ? கொத்மலையில் பள்ளி செல்லும் பெண்ணாயினும், கொழுந்தெடுக்கும் பெண்ணாயினும், கண்ணாடி முன் நின்றால் கவலை ஒன்றே. கடையில் களிம்பு வாங்குமுன் அதன் வரலாற்றைச் சிறிது அறிந்துகொள்வோம்.

அவ்வரலாற்றின் ஓர் ஏடு நம் இலங்கையைச் சார்ந்தது. கொழும்பு பக்டீரியா ஆய்வு நிலையத்தின் பணிப்பாளராயிருந்த டாக்டர் லூசியஸ் நிக்கல்ஸ், தோல் வறண்டு முள்முள்ளாய்த் தடிக்கும் நோயொன்றை 1933ஆம் ஆண்டில் விவரித்தார். தேரைத் தோல் எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரையும் அதற்கு இட்டார். உணவில் 'ஏ' உயிர்ச்சத்துக் குறைவதே காரணம் என்பது அவர் கருத்து. வேறு சத்துக்களின் குறைவும் காரணமாகலாம் எனப் பின்வந்தோர் கண்டனர். எனினும், தோலின் நலத்துக்கு 'ஏ' உயிர்ச்சத்து வேண்டும் என்பது உறுதியாயிற்று.

இச்சத்து உடலில் ரெட்டினோயிக் அமிலமாக மாறித் தோலின் உயிரணுக்கள் வளர்வதையும் உதிர்வதையும் நெறிப்படுத்துகிறது. மயிர்த்துளையின் வாயை உதிர்ந்த அணுக்களும் எண்ணெய்ப் பசையும் அடைப்பதனாலன்றோ பரு தோன்றுகிறது! அவ்வடைப்பை இவ்வமிலக் களிம்பு நீக்கும் என்பதை அமெரிக்க மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மனும் உடன் ஆய்ந்தோரும் 1969இல் எடுத்துக்காட்டினர். வெயிலால் விழுந்த நுண் சுருக்கங்களையும் இது ஓரளவு குறைக்கும் என 1986இல் அறிவித்தனர்.

ஆயின், களிம்பு பூசிய தோல் சிவந்து உரியலாம். வெயிலையும் எளிதில் தாங்காது. மலை உயர உயரப் புற ஊதாக் கதிர்களின் வலிமை கூடும். குளிர்காற்று வெப்பத்தை மறைக்குமேயன்றிக் கதிரைத் தடுக்காது. ஆதலின், வைத்தியர் சொன்ன அளவில் இரவில் மட்டும் பூசி, பகலில் முகத்தை மறைத்துக் கொள்ளல் வேண்டும்.

இதனினும் பெரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. கடும் பருவுக்கென 1982இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற ஐசோட்ரெட்டினோயின் என்னும் உள்மருந்தைக் கருவுற்றவள் உண்டால், சிசுவின் முகம், செவி, இதயம், மூளை ஆகியன ஊனமுறக்கூடும். தோழி தந்தாள் என்று ஒரு மாத்திரையும் விழுங்கலாகாது. கருவுற்றோரும் கருவுற எண்ணுவோரும் மேற்பூச்சுக் களிம்பையும் தவிர்த்தலே நலம்.

உணவில் 'ஏ' சத்தைக் கூட்டினால் பரு மறையுமோ எனின், மறையாது. மாத்திரையாக மிகுதியாய் உண்டால் ஈரலுக்குக் கேடு. நுவரெலியாக் கரட்டும், பூசணியும், பப்பாளியும், சிறிது எண்ணெயிட்ட கீரையும் உடலின் தேவைக்கு உதவும். பருவுக்கு மருந்து வேண்டுமாயின் வைத்தியரை நாடுக. உடன்பிறந்தாளுக்கும் இதனைச் சொல்லுக.